குஷன்காரர் நிரப்பிய பள்ளம்

பள்ளம் என்று ஒன்றைக் கண்டுவிட்டால் எங்கள் தெரு குஷன்காரருக்குக் கை நிற்காது. பஸ்ஸில் ஏறினால், உட்காருவதற்கு முன் சீட்டை உள்ளங்கையால் நாலு இடத்தில் அழுத்திப் பார்ப்பார். கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் விட்டுவிட்டு அவர்கள் உட்கார்ந்திருக்கும் சோபாவைத்தான் உற்றுப் பார்ப்பார். ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், கதறிக்கொண்டிருந்த அம்மாளுக்குப் பக்கத்தில் அமர்ந்து, "மனசைத் தேத்திக்குங்கம்மா" என்றவர், அதே மூச்சில், "இந்தப் பக்கம் ஸ்பிரிங் போயிடுச்சு, அப்புறமா வந்து பார்த்துத் தரேன்" என்றும் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் சட்டென்று அழுகையை நிறுத்தி, "எதிர்ப்பக்கமும் போயிருக்குங்க, அதையும் பாருங்க" என்றார்.

அப்படிப்பட்ட மனிதரின் வாழ்க்கையிலேயே ஒரு பெரிய பள்ளம் விழுந்தது. மனைவி கண்ணை மூடினார். ஒரே மகள், நர்ஸ் வேலை பார்ப்பவள், கல்யாணமாகி வேறு ஊர் போனாள். வீடு முழுக்க மெத்தென்று உட்கார இடம் இருந்தது. உட்காரத்தான் ஆள் இல்லை. இரவு சாப்பாட்டை நின்றுகொண்டே முடித்துவிடுவார்.

மகள் விடவில்லை. வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்த ஒரு விதவைப் பெண்மணி ஆபீஸ் நாற்காலியைச் சரிபார்க்கக் கடைக்கு வந்ததும், நாற்காலி சரியான பிறகும் இன்னும் இரண்டு தடவை வந்ததும் அவள் காதுக்கு எட்டியது.

"அப்பா, ஒரு நாற்காலிக்கு மூணு தடவை எதுக்கு வராங்க?"

"காஸ்டர் சக்கரம் சத்தம் போடுதாம்."

"சத்தம் சக்கரத்துல இல்லப்பா. நான் பேசறேன், நீங்க வாயைத் திறக்காம இருங்க."

அவர் வாயைத் திறக்கவில்லை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் முடிந்தது. அங்கேயும் பெஞ்சை அழுத்திப் பார்த்தார் என்பது தனிக்கதை.

இரண்டு வீடு ஒன்றானால் எல்லாம் இரண்டிரண்டாக வந்து நிற்கும். இரண்டு கட்டில், இரண்டு பீரோ, இரண்டு ஃபிரிட்ஜ், ஆளுக்கொரு நேரம் காட்டும் இரண்டு சுவர்க் கடிகாரம். மகள் இடுப்பில் கைவைத்து நடு வீட்டில் நின்று தீர்ப்புச் சொன்னாள். "ரெண்டுல ஒண்ணுதான் சித்தி. இங்க ஆள் நடக்கவும் இடம் வேணும்." அப்பாவின் கட்டில் பெரிசு, இருக்கட்டும். அப்பாவின் பீரோ சுவரோடு ஒட்டி நிற்கிறது, அசைத்தால் காரை பெயரும், இருக்கட்டும். அப்பாவின் ஃபிரிட்ஜ் புதுசு. இப்படியே டைப்பிஸ்டின் சாமான் ஒவ்வொன்றாக அவருடைய அக்கா வீட்டுக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்றார். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் தலையாட்ட மறுத்தார். கைவைத்த பழைய சாய்வு நாற்காலி. "இது மட்டும் என்கூட வரட்டும்" என்றார்.

வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தது. அதன் நடுவே, ஒரு ஆட்டுக்குட்டி படுத்து உறங்கலாம் போல, அகலமான ஒரு பள்ளம்.

குஷன்காரர் அந்தப் பள்ளத்தைப் பார்த்தார். பள்ளமும் அவரைப் பார்த்தது.

டைப்பிஸ்டின் முதல் கணவர் ஒரு ஆடிட்டர். அதற்கு மேல் அவரைப் பற்றி அந்த அம்மாள் பேசியதில்லை, இவரும் கேட்டதில்லை. ஆனால் நாற்காலியைப் பார்த்து ஆளைச் சொல்வது இவருடைய தொழில். இந்த அகலத்துக்குப் பள்ளம் விழ வேண்டுமென்றால் ஆடிட்டர் மலைபோல் இருந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் டைப்பிஸ்ட் அதன் விளிம்பில், இரண்டு காலையும் தரையில் வைத்து அடக்கமாக அமர்ந்து கண்ணை மூடிக்கொள்வார். 'நினைச்சுக்கறாங்க' என்று குஷன்காரர் சமையலறையில் நின்று பெருமூச்சு விடுவார். எவ்வளவு மெத்தை தைத்தவர்! செத்துப்போன ஒரு ஆடிட்டரின் பள்ளத்தோடு போட்டி போட முடியவில்லையே!

இதை யாரிடம் சொல்வது? மனைவியையே இன்னும் "மேடம்" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கஸ்டமராக வந்தவரை வேறெப்படிக் கூப்பிடுவதென்று நாக்குக்குத் தெரியவில்லை.

டைப்பிஸ்டின் பிறந்தநாள் வந்தது. அவர் ஆபீஸ் கிளம்பியதும் குஷன்காரர் நாற்காலியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனார். பழைய பஞ்சை எல்லாம் பிடுங்கினார். கடையிலேயே உசத்தியான ஃபோமை அறுத்து வைத்தார். ஸ்பிரிங் மாற்றினார். கை இரண்டுக்கும் தடிமனாக ஃபோம் பட்டை கொடுத்தார். மேலே மெரூன் நிற ரெக்ஸின் போட்டு, பித்தளைக் குமிழ் ஆணி வரிசையாக அடித்தார். மந்திரி வந்து உட்காரலாம். அன்பு செய்ததா, பொறாமை செய்ததா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கை செய்தது.

சாயங்காலம் நாற்காலி ஜன்னலோரம் திரும்பியிருக்க, டைப்பிஸ்ட் வந்தார். பையை மாட்டினார். பழக்கதோஷத்தில் திரும்பிப் பாராமலே நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். புது ரெக்ஸின் வழுக்கு மரம் போல அவரை ஏற்றுக்கொண்டு, அப்படியே தரையில் இறக்கிவிட்டது.

தரையில் உட்கார்ந்தபடியே அவர் திரும்பி நாற்காலியைப் பார்த்தார். கையால் தடவினார். அழுத்தினார். அது அழுந்தி, உடனே எழும்பியது.

"யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?"

"கஸ்டமர் கேக்கறதுக்கு முன்னாடியே செய்யறதுதான் மேடம் சர்வீஸ்" என்றார் குஷன்காரர், பெருமை தாங்காமல்.

அவ்வளவுதான். அணை உடைந்தது. ஆபீஸில் ஆயிரம் பக்கம் அடித்தும் ஒரு எழுத்துப் பிசகாத அந்தப் பெண்மணி, சின்னக் குழந்தை மாதிரி முந்தானையில் முகம் புதைத்து அழுதார். பிறகு எழுந்து, ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "அக்கா வீட்டுக்குப் போறேன். ஞாயித்துக்கிழமை வேன் எடுத்துட்டு வந்து நாற்காலியை ஏத்திட்டுப் போறேன். அதுக்கப்புறம் இந்த வீட்ல எனக்கு எதுவும் இல்லை" என்று சொல்லிப் போய்விட்டார்.

குஷன்காரர் மகளுக்குப் போன் போட்டார்.

"என்னப்பா பண்ணி வெச்சீங்க?"

"பள்ளத்தை அடைச்சேன்."

"ஐயோ! அந்த மனுஷன் ஞாபகமா சித்தி வெச்சிருந்தது அது ஒண்ணுதான்! பழைய பஞ்சை எடுத்துத் திரும்ப வைங்க."

"நம்ம தெரு வாட்ச்மேனோட நாய்க்குப் படுக்கக் குடுத்துட்டேன்."

"போய்க் கேளுங்கப்பா!"

போனார். நாய் அதைக் கிழித்து, உருட்டி, தனக்கென்று ஒரு பள்ளம் செய்து அதன் நடுவே சுருண்டிருந்தது. குஷன்காரர் ஒரு கை நீட்டினார். நாய் ஒரு பல் காட்டியது. அன்றைக்கு எங்கள் தெருவில் நிம்மதியாக உறங்கிய ஒரே ஜீவன் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பள்ளம் திரும்ப வந்தாக வேண்டும். இல்லையென்றால் அந்த அம்மாள் போனது போனதுதான். மலைபோன்ற ஒரு ஆள் உட்கார்ந்தால்தான் மலைபோன்ற பள்ளம் விழும். மூலைக் கடையில் ரொட்டி சுடும் பேக்கரி அண்ணன் நினைவுக்கு வந்தார். அவர் நடந்தால் எதிரே வருபவர்கள் ஒதுங்க மாட்டார்கள், திரும்பிப் போய்விடுவார்கள்.

"உக்காரணும், அவ்வளவுதானே?" என்றார் பேக்கரி அண்ணன். "விடியக்காலைல அடுப்பை அணைச்சா அப்புறம் எனக்கு உக்கார்றதுதான்ணே வேலை."

வந்தார். நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் நடுவே மூச்சை உள்ளிழுத்து இறங்கினார். நாற்காலி முனகியது. காலையில் உட்கார்ந்தவர் சாயங்காலம் வரை குறட்டை விட்டார். எழுந்ததும் குஷன்காரர் ஓடிப் போய்க் குனிந்து பார்த்தார். ஆழமான பள்ளம்! அவர் கண் கலங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலி மெதுவாக ஒரு பெருமூச்சு விட்டு மறுபடி உப்பிக்கொண்டது.

"என்ன ஃபோம் போட்டீங்கண்ணே?"

"முதல் தரம்" என்றார் குஷன்காரர், அழாத குறையாக. "கெட்ட வேலை செஞ்சு எனக்குப் பழக்கமில்லையே!"

மறுநாளும் நடந்தது. அதற்கு மறுநாளும். பேக்கரி அண்ணன் மடியில் தையல் மெஷினின் தலையைத் தூக்கி வைத்தும் பார்த்தார்கள். நாற்காலி அசைந்து கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. பேக்கரி அண்ணன் கடைசி முயற்சியாக மெஷின் தலையை அணைத்துக்கொண்டு முழு வேகத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். அப்போதுதான் வாசலில் வேன் ஹாரன் அடித்தது. டைப்பிஸ்ட் உள்ளே வந்தார்.

தன் நாற்காலியில் முன்பின் தெரியாத ஒரு மனிதர், மடியில் மெஷின் தலையோடு.

"யார் இவரு?"

பேக்கரி அண்ணன் மரியாதைக்கு எழுந்திருக்கப் பார்த்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. மறுபடி உட்கார்ந்தார்.

"பேக்கரி அண்ணன், மேடம்" என்றார் குஷன்காரர், கை கட்டி. "பள்ளம் திரும்ப வரட்டும்னு... ஆடிட்டர் சார் எடைக்குக் கிட்டத்தட்ட..."

"ஆடிட்டர் எடையா!" டைப்பிஸ்ட் வாயில் கை வைத்தார். "ஃபேனைப் போட்டா ஓரமா நில்லுங்கன்னு சொல்லுவேன்யா அவரை! ஒட்டடைக்குச்சி மாதிரி மனுஷன். முதுகு வலிக்குதுன்னு இந்த நாற்காலி பக்கமே வர மாட்டார்."

"அப்போ அந்தப் பள்ளம்?" என்றார் குஷன்காரர்.

"என்னோடது!"

டைப்பிஸ்டின் பார்வை மெதுவாகப் பேக்கரி அண்ணன் பக்கம் திரும்பியது. அவருடைய அகலத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அளந்தது.

"என் அளவுக்கு ஊர்ல இவரைத்தான் பிடிச்சீங்களா?"

"அண்ணே, நான் கிளம்பறேன்" என்றார் பேக்கரி அண்ணன் பரிதாபமாக. ஆனால் எப்படிக் கிளம்புவார்? தடிமனாகப் பட்டை வைத்த இரண்டு கைகளும் அவரை இறுகப் பிடித்திருந்தன. வேன் டிரைவர் உள்ளே வந்து ஒரு கையைப் பிடித்தார், குஷன்காரர் இன்னொரு கையைப் பிடித்தார். இழுத்ததில் டிரைவரின் செருப்புதான் அறுந்தது.

"அகலம் பொருந்தலையே மேடம்" என்று இழுத்துக்கொண்டே மூச்சு வாங்கினார் குஷன்காரர். தொழில்காரரின் சந்தேகம் அந்த நேரத்திலும் போகவில்லை. "நீங்க ஓரமா இத்துனூண்டு உக்காருவீங்க. பள்ளம் இவ்வளவு அகலம்..."

"அது உங்க வீட்ல. என் வீட்ல நான் சம்மணம் போட்டு உக்காருவேன். காலை மடிச்சு மேல வெச்சுட்டு, தலையை அவுத்து விட்டுட்டு, யாரும் என்னைப் பார்க்காம. இங்க எப்படி உக்காருவேன்? உங்க கட்டில், உங்க பீரோ, உங்க கடிகாரம். வாடகைக்கு வந்தவ மாதிரி ஒவ்வொண்ணையும் கேட்டுத் தொடறேன். எனக்குன்னு குழிஞ்சு இடம் குடுத்தது அது ஒண்ணுதான். அதையும் ஆணி அடிச்சு மூடிட்டீங்களே!"

குஷன்காரர் பேக்கரி அண்ணனின் கையை விட்டார். உள்ளே போய்த் திருப்புளியோடு வந்து, நாற்காலியின் இடது கையைத் திருகிக் கழற்றினார். தன் கையால் பார்த்துப் பார்த்து அடித்த பித்தளைக் குமிழ் ஆணிகள் தரையில் உருண்டோடின. பேக்கரி அண்ணன் பக்கவாட்டில் சரிந்து விடுதலை அடைந்தார். அடுத்து குஷன்காரர் கத்தியை எடுத்தார். மெரூன் ரெக்ஸினின் நடுவில் வைத்தார். தைத்ததைத் தானே கிழிப்பது அவருக்குப் பெற்ற பிள்ளையை அடிப்பது போல.

டைப்பிஸ்ட் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம். கிழிச்சா அது பள்ளமாகாது, ஓட்டைதான் ஆகும். உக்காந்துதான் வரவைக்கணும்." ஒரு பக்கம் கை இல்லாத நாற்காலியைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, மூன்று ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு காலையும் மடித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வழுக்கியது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "எத்தனை நாள் ஆகும் பள்ளம் விழ?"

பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. "பத்து வருஷத்துக்கு அசையாது, மேடம்."

"சரி. அப்போ பத்து வருஷம் இருக்கணும்."

டிரைவர் அறுந்த செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, ஏத்தறதா வேண்டாமா?" என்று கேட்டார்.

"இதை ஏத்த வேண்டாம். வண்டியை அக்கா வீட்டுக்கு விடுங்க. கொட்டகைல என் பீரோ இருக்கு, அதை ஏத்திட்டு வாங்க."

"எங்க வைக்கறது?" என்று கேட்க வாய் திறந்த குஷன்காரர், மகள் சொன்னபடி அதை மூடிக்கொண்டார். சுவரோடு ஒட்டி நின்ற தன் பீரோவிலிருந்து சட்டைகளை அள்ளிக் கட்டிலில் போட்டார். பேக்கரி அண்ணன் அடிப்பக்கம் பிடிக்க, இருவருமாக அதை நகர்த்தினார்கள். காரை பெயர்ந்து விழுந்து, சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குக் குழி தெரிந்தது.

குஷன்காரர் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். திரும்பி நாற்காலியைப் பார்த்தார்.

"இதைப் பூசலாமாங்க?" என்று கேட்டார்.

டைப்பிஸ்ட் தலைமுடியை அவிழ்த்துவிட்டபடி, "பூசுங்க" என்றார்.