அந்த முத்திரை அவருடையதன்று

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்து எம்மோடு அமர்ந்திருக்கும் உறவினர், நண்பர் யாவருக்கும் பணிவான வணக்கம். மறைந்த எங்கள் அண்ணரைப் பற்றி இந்நினைவு மலரில் எழுத இளையவனாகிய எனக்குத் தகுதியுண்டோ என்ற அச்சத்துடனேயே தொடங்குகிறேன்.

யாழ்ப்பாணத்தில் நான்கு பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்த அண்ணர், தந்தையார் மறைந்தபின் எம்மைப் படிப்பித்துவிட்டே தாம் படிக்கப் புறப்பட்டவர். அமெரிக்காவில் பகலில் உணவகமொன்றில் கோப்பை கழுவி, மாலை வகுப்புகளில் சட்டம் பயின்றார். சட்டத்தரணியானதும், கூலி மறுக்கப்பட்ட தொழிலாளருக்காகவே பெரிதும் வாதாடினார். அதனை அறிந்த, அவர் வாழ்ந்த மாநிலத்தின் ஆளுநர், தமது அமைச்சரவையில் தொழிலாளர் துறையை அவரிடம் ஒப்படைத்தார். கோப்பை கழுவிய கை சத்தியப்பிரமாணத்துக்கு உயர்ந்து நிற்கும் படத்தை இன்றும் வியந்து பார்க்கிறேன்.

அக்காலத்தில் நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரில் என் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீடு நிலுவையில் இருந்தது. தோற்றால் மனைவி மக்களோடு திருப்பி அனுப்பப்படுவேன். சான்ட்ரிங்ஹாம் கடைத்தெருவில் கண்ட நண்பரொருவர், "உம்மட அண்ணை மந்திரியெல்லே? அவரிட்டை ஒரு கடிதம் வாங்கினால் காணும். இஞ்சத்தை அதிகாரிமார் எழும்பி நிண்டு விசா தருவாங்கள்" என்றார். அமெரிக்க மாநிலமொன்றின் அமைச்சருக்கு நியூசிலாந்தில் என்ன அதிகாரமென்று எங்களுள் எவரும் எண்ணவில்லை. பதவி முத்திரையிட்ட கடிதமொன்று வேண்டுமென அண்ணரிடம் தொலைபேசியில் இரந்தேன்.

"அந்த முத்திரை என்ரை இல்லை, தம்பி. அது சனத்தின்ரை" என்றார்.

கோபத்தில் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து, விடுமுறை பெற்று, ஒரேயொரு பையுடன் எங்கள் வாடகை வீட்டு வாசலில் அண்ணர் நின்றார். சமையலறை மேசையில் மூன்று நாள் என்னோடு அமர்ந்தார். இலங்கையில் சிறைப்பட்டிருந்தபோது எனக்கு நேர்ந்ததை முதல் விண்ணப்பத்தில் வெட்கத்தால் மறைத்திருந்தேன். என் துணைவியாருக்கும் சொன்னதில்லை. அதை எப்படியோ உணர்ந்த அண்ணர், துணைவியாரைக் கடைக்கு அனுப்பிவிட்டு, "இப்ப சொல்லு. நான் சட்டத்தரணியாக் கேக்கேல்லை" என்றார். சொன்னேன். அண்ணர் எழுதினார். இடையில் இருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தத் தாள்களை என் சட்டத்தரணியிடம் சேர்த்தோம்.

மேன்முறையீட்டு விசாரணை அறையில் தாம் யாரென்று வினவப்பட்டபோது, அண்ணர், பதவியையோ தொழிலையோ சொல்லாமல், "இவரின் தமையன்" என்று மட்டும் ஆங்கிலத்தில் கூறி என் அருகே அமர்ந்தார். எங்களுக்கு இந்நாட்டில் வாழ அனுமதி கிடைத்தது. எவரும் எழுந்து நிற்கவில்லை. நான் மறைத்த உண்மையே எங்களைக் காத்தது.

அண்ணியார் மறைந்தபின் அண்ணர் ஓக்லாந்தின் கிளென்ஃபீல்டிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து எங்களோடு வாழ்ந்தார். இறுதி நோயின்போது தாதியொருவர், இவர் என்ன தொழில் செய்தவரென்று என்னிடம் கேட்டார். பெருமையோடு வாய் திறந்தேன். அண்ணர் கையசைத்து மறித்து, "கோப்பை கழுவினவர் எண்டு சொல்லு. இல்லாட்டி எழும்பி நிண்டிடுவினம்" என்று மெல்லச் சிரித்தார்.

அவர் யாரென்று அறியாமலே அவரைத் தாங்கி, நீராட்டி, உணவூட்டிய தாதியருக்கும், வீடுதேடி வந்து துயர் பகிர்ந்த உங்கள் யாவருக்கும் எம் குடும்பத்தின் நன்றி என்றும் உரியது. இம்மலரின் முகப்பில் அண்ணரின் பதவியைப் பொறிக்குமாறு பலர் அன்போடு கேட்டீர்கள். "இவர்களின் தமையன்" என்று மட்டுமே பொறித்திருக்கிறோம். பொறுத்தருள்க.