நட்புறவுக் கச்சேரியில் கங்கா

ஒரகடம் போகிற ரோட்டில் ஒரு ஸ்பிரிங் கம்பெனி இருந்தது. அதன் கேன்டீனில் பதினோரு வருஷமாகச் சோறு வடித்தவள் கங்கா. படப்பைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர்க்காரி. வயது முப்பத்தொன்பது. வாய் கொஞ்சம் நீளம். சாம்பாரில் உப்பில்லை என்று எவனாவது சொன்னால், போய் நாக்கைக் கழுவிக்கொண்டு வா என்பாள். நெற்றி நிறையப் பொட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு. அந்தப் பொட்டைப் பற்றித்தான் ஊர் வாய் மூடாமல் பேசிற்று.

அவள் புருஷன் சின்னப்பையன் பட்டாளத்துக்காரன். கல்யாணமாகி ஏழாம் மாசம், எழுபத்தொன்று டிசம்பர் சண்டைக்கு மேற்கு எல்லைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. காணவில்லை என்று தந்தி வந்தது. செத்தான் என்று வரவில்லை, பிணமும் வரவில்லை. கூட இருந்து திரும்பிய ஒருவன், காலில் அடிபட்டுக் கிடந்த சின்னப்பையனைப் பாகிஸ்தான் சிப்பாய்கள் உயிரோடு வண்டியில் ஏற்றியதைக் கண்ணால் பார்த்தேன் என்றான். அவளுக்கு அது போதும். அங்கே ஏதோ ஒரு ஜெயிலில் இருக்கிறான், அவ்வளவுதான். இறந்துவிட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போடும்மா, பென்ஷனுக்கு ஆகவேண்டியதைப் பார்க்கலாம் என்று பட்டாள ஆபீசில் சொல்லிப் பார்த்தார்கள். அவள் போடவில்லை. அதே கம்பெனியில் வேலை செய்த கொழுந்தன் பரசுராமன், அண்ணனுக்குக் காரியம் பண்ணிவிடலாம் என்று வருஷா வருஷம் வந்து நின்றான். உயிரோடு இருக்கிறவனுக்குப் பிண்டம் வைக்க அப்படி என்ன அவசரமோ, பாவிக்கு! ஒரு தடவை கரண்டியோடு வாசல்வரை துரத்தினாள். அதற்கப்புறம் அவன் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

தொண்ணூற்றொன்றில், பொங்கல் கழிந்த மறுவாரம், மேனேஜர் புருஷோத்தமன் கேன்டீனுக்குள் வந்து ஒரு சேதி சொன்னார். கராச்சியிலிருந்து கிடார் வாசிக்கிற கோஷ்டி ஒன்று வருகிறது, பம்பாயிலிருந்து இன்னொன்று. இரண்டும் ஒரே மேடையில் ராக் பாட்டுப் பாடினால் இரண்டு நாட்டுப் பகையும் கரைந்துவிடுமாம். முதலாளி ஏதோ நட்புறவுச் சங்கத்துக்குத் தலைவர். மெட்ராஸில் ஒருத்தரும் இடம் கொடுக்கத் துணியாததால் கம்பெனிக்குப் பின்னால் கிடந்த காலி மைதானத்திலேயே மேடை போட்டார்கள். கூட்டம் வேண்டுமே? ஜெனரல் ஷிப்ட் ஆட்கள் அத்தனை பேரும் குடும்பத்தோடு வந்து உட்கார வேண்டும், உட்கார்ந்து கைதட்டினால் மூன்று மணி நேரம் ஓ.டி. சம்பளம் என்று போர்டில் எழுதி ஒட்டினார்கள். பகை தீர்க்கிறதுக்கு ஓ.டி.! தூ, இதுவும் ஒரு பிழைப்பு.

ஆனால் கங்கா அப்படி நினைக்கவில்லை. கராச்சிக் கோஷ்டியோடு அந்த நாட்டு அதிகாரி ஒருவரும் வருகிறார் என்று கேட்டதும் அன்றைக்கே ஸ்ரீபெரும்புதூருக்கு பஸ் ஏறினாள். டைப் அடிக்கிறவரிடம் இங்கிலீஷில் ஒரு மனு அடித்து வாங்கினாள். சின்னப்பையன் பேர், பட்டாள நம்பர், ஊர், காணாமல் போன தேதி எல்லாம் இருந்தது. மேலே அவன் போட்டோவையும் ஒட்டினாள். இருபது வருஷத்தில் அந்த நாட்டு ஆள் ஒருவன் கைக்கெட்டுகிற தூரத்துக்கு வருவது இதுதான் முதல் தடவை. மேனேஜரிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்துபோயிற்று. எதற்குக் கீழே நின்று கொடுக்க வேண்டும், மேடையிலேயே கொடுக்கலாம் என்றார். ஒரு நாளும் இல்லாமல் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

கச்சேரி அன்று சாயங்காலம் ஸ்பீக்கர் போட்ட சத்தத்தில் வயிற்றுக்குள் குடல் அதிர்ந்தது. பாட்டு ஒரு எழவும் புரியவில்லை. முன்வரிசைக்குப் பக்கத்துப் பந்தலில் இரண்டு நாட்டுப் பெரிய மனுஷர்களும், அவள் ஆக்கிய பிரியாணியை அள்ளிப் போட்டுக்கொண்டு, தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சண்டைக்கு அனுப்பினதும் இவர்கள்தான், இப்போது எலும்பு கடிக்கிறதும் இவர்கள்தான். மனுவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கூட வேலை செய்கிற சந்திரம்மாள் தண்ணீர் கொடுத்தாள். வாங்கி அப்படியே கீழே வைத்தாள்.

பாட்டு நின்றதும் அறிவிப்பாளர் அவளைக் கூப்பிட்டார். கூப்பிட்ட விதம் இருக்கிறதே! போரில் கணவனைப் பறிகொடுத்த விதவைத் தாய், பகையை மறந்து நம் விருந்தாளிகளை வாழ்த்த வந்திருக்கிறார் என்றார். கங்கா நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இருந்தாலும் ஏறினாள். அந்த அதிகாரி கீழே சாப்பாட்டில் இருந்தார், மேடைக்கு வரவே இல்லை. கராச்சிப் பாட்டுக்காரப் பையன்தான் வியர்த்து வழிந்துகொண்டு எதிரே நின்றான். வந்தது வரட்டும் என்று மனுவை அவனிடம் நீட்டினாள்.

"இவரு எங்க கீறாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லு ராசா," என்றாள்.

அறிவிப்பாளர் அதை இங்கிலீஷில் என்னவென்று சொல்லித் தொலைத்தாரோ, பையன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். வந்து இறங்கியதிலிருந்து அவன் முன்னால் நீட்டின காகிதமெல்லாம் கையெழுத்துக்குத்தான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சின்னப்பையன் போட்டோ மேலேயே விழுகிற மாதிரி கோணலாக ஒரு கையெழுத்துப் போட்டு, மனுவை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். கீழே ஓ.டி. கைதட்டல் எழுந்தது. கருமம், கருமம்.

அவள் அந்தக் காகிதத்தைப் பார்த்தபடி நிற்கும்போதே மேனேஜர் சம்சாரம் சுபஸ்ரீ ஒரு புதுப் பட்டுப்புடவையைப் பிரித்து, பின்னாலிருந்து அவள் தோளில் போர்த்தினாள். டவுனில் வளர்ந்தவள். மேடை என்றால் பொன்னாடை என்றுதான் அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பக்கத்து ஊர்களில் விதவை என்று சொல்லி ஒருத்தி தோளில் பிறத்தியார் புதுப்புடவை போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். புருஷன் செத்த வீட்டில், பொட்டழிக்கிற அன்றைக்குப் போடுகிற கோடி அது. கீழே பெண்கள் பக்கத்தில் சந்திரம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். முன்வரிசையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்த பரசுராமன், அப்பாடா என்கிற மாதிரி எழுந்து நின்று கும்பிட்டான். இருபது வருஷமாக அவனால் முடியாததைக் கம்பெனி முடித்துக் கொடுத்துவிட்டது.

கங்கா அழவில்லை. மனுவை இடுப்பில் செருகினாள். புடவையைத் தோளிலிருந்து எடுத்து, உதறி, நிதானமாகத் திரும்பி சுபஸ்ரீயின் தோளில் போட்டாள். புருஷோத்தமன் பக்கத்திலேயே நின்றார். கீழே இருந்து ஒரு கிழவி, "ஐயையோ, புருசன் உசிரோட நிக்கசொல்ல கோடி போட்டுட்டாளே," என்று அலறினாள். அப்போதுதான் சுபஸ்ரீக்குப் புரிந்தது. மேலே நெருப்பு விழுந்தது போலப் புடவையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நிமிசம் தாங்கல இல்ல உங்களுக்கு?" என்றாள் கங்கா. "இதத்தான் இருவது வருசமா என் மேல போடப் பாக்குறீங்க."

மைக் பக்கத்திலேயே இருந்ததால் மைதானம் முழுக்கக் கேட்டது. கம்பெனி ஆட்கள் ஒருத்தரும் கைதட்டவில்லை. பந்தலில் இருந்த, தமிழ் தெரியாத வெளியூர்ப் பெரிய மனுஷர்கள், பரிசுக்குப் பதில் பரிசு கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, எச்சில் கையைத் துடைத்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினார்கள்.