இடிப்பதற்கு உயர்ந்த கை

எங்கள் பாப்டிஸ்ட் சபையில் ஓட்டெடுப்பு என்றால் கைகளை எண்ணுவது நான்தான். முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த ஒவ்வொருவருக்கும் ஓர் ஓட்டு. போதகருக்கும் ஒன்றுதான், பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் பெண்ணுக்கும் ஒன்றுதான். ஆண்டு விழாதோறும் இதைப் பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

கூடவே சபையின் கதையும் சொல்வேன். முதலில் வந்தவை தறிக்காரக் குடும்பங்கள். அவர்கள் நொய்யலில் இறங்கி ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆற்றில் சாயத் தண்ணீர் ஓடத் தொடங்கியதும், வெள்ளை உடுத்தி இறங்கியவர்கள் வெள்ளையாக ஏறிவர முடியவில்லை. அதனால் சபைக் கோயிலுக்குள்ளேயே, பிரசங்க மேடைப் பலகைக்கு அடியில், தொட்டி கட்டினார்கள். முதலில் நான், கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவி, இருவரும் அந்தத் தொட்டியில் மூழ்கி எழுந்தவர்கள்.

இப்போது பக்கத்து நிட்டிங் கம்பெனியின் அதிர்வில் சுவரெல்லாம் விரிசல். பழுது பார்ப்பதா, இடித்துக் கட்டுவதா என்று போன மாதம் ஆராதனை முடிந்ததும் கூட்டம் நடந்தது.

"எங்கூட்டு ரெண்டு ஓட்டும் பழுது பாக்கறதுக்குத்தானுங்க" என்று சொல்லிவிட்டே எண்ண ஆரம்பித்தேன். அந்த இரண்டையும், மனைவி பக்கம் திரும்பாமலே சேர்த்துக்கொண்டேன். பழுது பார்க்க இருபத்து மூன்று. இடிக்க இருபத்திரண்டு. மூச்சு விட்டேன்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு டெய்லர் சொன்னார்: "ஏனுங்க, ஒரு கையை விட்டுட்டீங்களே."

"எல்லாம் எண்ணியாச்சுங்க."

"உங்கூட்டுக் கையைத்தானுங்க. அம்மணி எத்தனை நேரமாத் தூக்கிட்டு இருக்கறாங்க, வலிக்காதுங்களா?"

சிரித்தார்கள். திரும்பினேன். இடிப்பவர்களோடு அவள் கையும் உயர்ந்திருந்தது. முந்தானையைச் சரிசெய்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"நாம முங்கி எந்திரிச்ச தொட்டியையா இடிக்கச் சொல்ற?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. ஆம்பளைங்களுக்குத் தொட்டியை ஒட்டியே ரூமு. பொம்பளைங்க நனைஞ்சு ஒட்டுன சேலையோட அத்தனை பெஞ்சையும் தாண்டி வாசல் ரூமுக்குப் போகோணும். நான் அப்படித்தான் போனேன். நீங்க முன்பெஞ்சுல உக்காந்து பாட்டுப் பாடிட்டு இருந்தீங்க."

"ஒரு தடுப்பு வெச்சாப் போதாதா?"

"கேட்டமுங்க. பழைய கட்டடத்துல கை வெக்கக் கூடாதுன்னு கமிட்டியில சொல்லிப்போட்டாங்க."

பெண்கள் பக்கம் ஒருத்தியும் சிரிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். உயர்ந்திருந்த கைகளில் பாதிக்கு மேல் வளையல் போட்டவை. எண்ணியபோது அது என் கண்ணில் படவே இல்லை.

அவள் ஞானஸ்நானம் பெற்ற அன்று நாங்கள் பாடியது மூன்று சரணம். அவள் அந்த நீளம் முழுவதையும் நடந்து முடிக்க அத்தனை நேரம் ஆகியிருக்க வேண்டும். கண்ணை மூடிப் பாடினேனா, பார்த்துக்கொண்டே பாடினேனா, தெரியவில்லை.

"மறுபடி எண்ணிடலாமாங்கய்யா?" என்று போதகர் கேட்டார்.

வேண்டாம் என்றேன். பழுது பார்க்க இருபத்திரண்டு, இடிக்க இருபத்து மூன்று என்று சபைக்கு அறிவித்தேன்.