பதினோரு விநாடி

1996இல் இராஜம்மாவுக்கு நாற்பத்தொரு வயது. போர்ட் கிள்ளானில் ஒரு சோளக் கிடங்கின் வாசலில் எடை மேடை இருந்தது. அதை ஒட்டிய தகரக் கொட்டகையில் பதினான்கு ஆண்டுகளாக அவள் எடைச் சீட்டு போட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்தபோது தம்பி பக்கிரிசாமிக்கு ஒன்பது வயது. அவனை வளர்த்து, லோரி ஓட்ட லைசென்ஸ் எடுக்க வைத்து, இதே கிடங்கில் சேர்த்துவிட்டாள். அவன் பெந்தோங்கில் இருக்கும் கோழிப் பண்ணைகளுக்குச் சோளம் ஏற்றிப் போவான். காராக் மலைச்சாலை. கெந்திங் செம்பா தாண்டினால் ஒரே இறக்கம்.

அந்தத் திங்கட்கிழமை சாப்பிடும்போது பக்கிரிசாமி சொன்னான்:

"ப்ரேக்கு சரியாப் புடிக்கலக்கா. ரிப்பேர் பண்ற பொமென் அடுத்த வாரம்தான் பாப்பானாம். வண்டியோட சேத்து இருபத்தொரு டன்னுக்கு மேல ஏத்த விடாத."

"சீட்டு என் கையில. ஒரு கிலோ கூட விடமாட்டேன்."

"அதான் தெரியுமே. உன்னை ஏமாத்த முடியுமா? யானையக் கொண்டாந்தாலும் ரெண்டு தடவ நிறுப்பே."

கொட்டகையில் மின்சாரம் அடிக்கடி போகும். அதனால் முதலாளி அண்ணாமலை சில ஆண்டுகளுக்கு முன் ஒரு லேப்டாப் வாங்கி வைத்திருந்தார். எடை போடும் ப்ரோகிராமை எழுதியவர் சின்னையா. அவர் ஆஸ்திரேலியா போய்விட்டார். லோரி மேடையில் ஏறியதும் ஒரு விசையைத் தட்ட வேண்டும். திரையில் 'துங்கு' என்று வரும். பொறு என்று மலாயில் அர்த்தம். லேப்டாப் உள்ளுக்குள் ஒன்று, இரண்டு என்று முப்பதாயிரம் வரை எண்ணி முடித்துவிட்டு எடையைப் படிக்கும். சீட்டு வெளியே வரப் பதினோரு விநாடி ஆகும்.

லோரி நிற்கும்வரை இராஜம்மா காத்திருப்பதில்லை. பின்சக்கரம் மேடையின் இரும்பு விளிம்பைத் தொட்டதும் தட்டிவிடுவாள். எண்ணி முடிவதற்குள் வண்டி நின்று, ஆட்டம் அடங்கியிருக்கும். அந்தப் பழக்கத்தை யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. கை தானாகக் கற்றுக்கொண்டது.

"உங்க பெட்டி தூங்குதா அக்கா? ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வரவா?" என்று ஓட்டுநர்கள் கேலி செய்வார்கள்.

கேலி முதலாளியின் காதுக்கும் போனது. பிரிக்பீல்ட்ஸில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த உமர், செவ்வாய்க்கிழமை புது லேப்டாப்பும் ஒரு டிஸ்கெட்டுமாக வந்தான்.

"பழசு நல்லாத்தானே ஓடுது தம்பி. இத மாத்தணுமா?" என்று இராஜம்மா கேட்டாள்.

"எட போட மட்டும்னா வேணாம்தான்க்கா. உண்மையச் சொல்றேன். ஆனா தவுக்கே, ஒங்க மொதலாளி, புது பிராசசர்தான் வேணும்ங்கறாரு. நான் வியாபாரிலா, வேணாம்னா சொல்லுவேன்? ப்ரோகிராம் அதேதான். ஒரு எழுத்து மாத்தல. வேகம் மட்டும்தான் கூட."

தட்டிப் பார்த்தாள். 'துங்கு' என்ற சொல் கண்ணில் படவே இல்லை. தட்டிய கையை எடுப்பதற்குள் சீட்டு வந்துவிட்டது.

முதலாளி சிரித்தார். "இப்ப யாரு தூங்குறா?"

புதன்கிழமை வரிசையே இல்லை. வியாழக்கிழமை காலை பக்கிரிசாமி காலி வண்டியை மேடையில் ஏற்றினான். சீட்டில் எட்டாயிரத்து முந்நூற்றுப் பத்து கிலோ. அந்த வண்டி எப்போதும் எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. இராஜம்மா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மொதலாளி, வண்டி எட கொறஞ்சிருக்கு."

"பழசு தப்பாக் காட்டியிருக்கும். புதுசு சரியாக் காட்டுது. பின்ன எதுக்கு வாங்கினோம்?"

சோளம் ஏற்றிக்கொண்டு வண்டி மறுபடியும் மேடைக்கு வந்தது. பத்தொன்பதாயிரத்து நூறு. "இன்னும் ரெண்டு வாளி போடு" என்று முதலாளி லோடர்காரனுக்குக் கை காட்டினார். வண்டி பின்னால் போய் நிற்க, இரும்பு வாளி இரண்டு முறை கவிழ்ந்தது; வண்டி மறுபடி மேடையில் ஏறியது. மூன்றாவது சீட்டில் இருபதாயிரத்து எண்ணூற்று அறுபது. இராஜம்மா கையெழுத்துப் போட்டாள். பக்கிரிசாமி கார்பன் நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கண்ணடித்தான்.

"இருபத்தொண்ணுக்குள்ள. சொன்னபடி செஞ்சிட்டே."

வண்டி கேட்டைத் தாண்டும்போது பின்டயர்கள் பிதுங்கித் தெரிந்தன. அவள் பார்த்தாள். சீட்டையும் பார்த்தாள்.

பதினொன்றரைக்கு இன்னொரு ஓட்டுநர் ஜெயராஜின் லோரி ஏறியது. தட்டினாள். சீட்டு வந்தது: பதினெட்டாயிரத்து இருநூறு. அதைக் கிழிக்கத் திரும்பியபோது ஜன்னலுக்கு மேல் இருந்த எடைப் பெட்டி கண்ணில் பட்டது. சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி. லேப்டாப் வந்த பிறகு அதைப் பார்க்க வேண்டிய தேவை அவளுக்கு இருந்ததில்லை. எண்கள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தன. பதினெட்டு ஐந்நூறு. பத்தொன்பது. இருபது. இருபதாயிரத்து எழுநூற்றில் நின்றன.

வண்டி நிற்பதற்கு முன்னாலேயே சீட்டு வந்திருந்தது. முப்பதாயிரம் வரை எண்ணுவது இப்போது ஒரு கண் சிமிட்டல். காத்திருந்தது லேப்டாப். அவள் ஒருநாளும் காத்திருந்ததில்லை.

"என்னக்கா, பேயப் பாத்தீங்களா?" என்றான் ஜெயராஜ்.

அவள் பக்கிரிசாமியின் சீட்டைக் கட்டிலிருந்து உருவினாள். அதோடு இரண்டு, மூன்று டன் சேர்த்துப் பார்த்தாள். வெளியே மழை பிடித்திருந்தது.

பெந்தோங் பண்ணைக்கு போன் செய்தாள். எடுத்த பெண், வண்டி இன்னும் வரவில்லை என்றாள். புறப்பட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. பன்னிரண்டு மணிக்கும் வரவில்லை. பன்னிரண்டரைக்குப் பண்ணையில் யாரும் போனை எடுக்கவில்லை.

அலமாரியிலிருந்து பழைய லேப்டாப்பை எடுத்து மேசைமேல் வைத்தாள். மேடையில் அடுத்த லோரி ஹார்ன் அடித்தது. யாரோ சத்தம் போட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

முதலாளி அலுவலகத்திலிருந்து வந்தார். குடை பிடிக்கவில்லை. கொட்டகை வாசலில் நின்று தலையைத் துடைத்துக்கொண்டார்.

"ராஜம்மா, பக்கிரி சீட்டக் குடு. காராக் போலீஸ் கேக்கறான்."

"அவன் எங்க மொதலாளி?"

"எத்தனை டன்னு? இருபத்தொண்ணுக்குள்ளதானே?"

"சீட்டுல அப்படித்தான் இருக்கு."

"அப்ப நம்ம மேல தப்பில்ல. குடு."

"சீட்டு பொய். நான் கையெழுத்துப் போட்ட பொய்." சீட்டை அவள் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். "அவன் எங்க?"

முதலாளி மழையைப் பார்த்தார்.