மாமாவுக்குத் தினமும் ஞாயிறு

மாமனாருக்கு மறதி நோய் வந்த பிறகு, எங்கள் ராஜபாளையம் வீட்டில் தினமும் ஞாயிற்றுக்கிழமைதான். விடிந்ததும் வெள்ளை வேட்டி கட்டி, பைபிளை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்குக் கிளம்பிவிடுவார்.

"இன்னைக்குச் செவ்வாய் மாமா" என்று காலண்டரைக் காட்டுவேன்.

"ஆண்டவர் நாள்ல வீட்ல இருக்கச் சொல்லுதியே, நீயெல்லாம் விசுவாசியா?" என்று சத்தம் போடுவார்.

ஒருநாள் வேட்டியை ஒளித்து வைத்தேன். நான் அடுப்படியில் இருந்த நேரம் லுங்கியோடு போய்விட்டார். தேடிப்போனால், பஸ்ஸும் லாரியும் வருகிற தென்காசி ரோட்டில் வழி தெரியாமல் நடுவில் நிற்கிறார். கையைப் பிடித்து ஓரத்துக்குக் கூட்டி வந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவரைப் பார்க்கிற டாக்டர், "அவருக்கு அது நிஜமாவே ஞாயிறுதாம்மா. வாதாடாதீங்க, கூடப் போங்க" என்றார்.

மறுநாளிலிருந்து நானும் முக்காடு போட்டுக்கொண்டு கூடப் போகிறேன். சர்ச்சில் கூட்டிப் பெருக்குகிற அக்கா கதவைத் திறந்து வைத்திருப்பார்.

"என்ன தாயி, கூட்டத்தையே காணோம்?"

"நாம முந்தி வந்துட்டோம் மாமா."

"அதான் நல்லது. பிந்தி வாரவன் செருப்புக்குப் பக்கத்துலதான் உக்காரணும்."

மகன் பேரை மறந்தவர், ஜெபத்தில் ஒரு வார்த்தை பிசகுவதில்லை. வாரம் ஒருநாள், அதுவும் குழம்பை நினைத்துக்கொண்டே ஜெபம் செய்த எனக்கு, இப்போது தினமும் அரைமணி நேரம் ஆண்டவர் முன்னால் உட்காரக் கிடைக்கிறது.

வீட்டுக்கு வந்துவிட்டால், பொறவு அன்றைக்கு வாசல் பக்கமே போக மாட்டார்.

"அடுத்த ஞாயிறும் கூட வாரியா தாயி?" என்பார்.

"நாளைக்கே வாரேன் மாமா" என்பேன்.