வள்ளம் வெளிக்கிடும் பத்து நிமிடம்

எழுதத் தெரிந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் உடுப்பிட்டியில் பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் கதைக்கவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் இதை விழுங்கிக்கொண்டு இருக்க முடியவில்லை.

கடற்கரையில் ஒரு மீனவர் சங்கத்தில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். காலையில் கரைக்கு வரும் மீனை நிறுத்து எழுதுவேன். பின்னேரம் யன்னலடியில் இருந்து, கடலுக்குப் போகும் வள்ளங்களுக்கு மண்ணெண்ணெய் கொடுப்பேன். எந்த வள்ளத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று கேளாமலே தெரியும். அந்த யன்னல் ஒன்றுதான் நானாகத் தேடிக்கொண்ட இடம்.

என் கணவர் நெஞ்சுவலியில் இறந்து, இரண்டு மாதம் கழித்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று சங்கத் தலைவர் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, குறை நினையாதேங்கோ. வள்ளம் வெளிக்கிடேக்கை ஒரு பத்து நிமிசம் உள்ளுக்கை நில்லுங்கோ. பெடியள் முழிவியளம் பாக்கிறாங்கள்."

கடலுக்குப் போகும்போது முதலில் கண்ணில் படும் முகம் நல்லதாக இருக்க வேண்டுமாம். கைம்பெண்ணின் முகம் கூடாதாம். நான் தலையாட்டினேன். அப்படித் தலையாட்டியதற்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம்.

மூன்று வருடம், ஒவ்வொரு பின்னேரமும் எண்ணெய்ப் பீப்பாக்களுக்குப் பின்னால் நின்றேன். வெளியே ஒருவன், "அக்கா ஒளிச்சிட்டாவோ? அப்ப மிசினை இழு" என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். தலைவரும் மனைவியை இழந்தவர்தான். அவர் கரையில் நின்று ஒவ்வொரு வள்ளத்தையும் கையசைத்து அனுப்பிவைப்பார்.

போன மாசியில், வள்ளச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டியின் வலையை இழுவைப் படகு அறுத்துக்கொண்டு போனது. படகைப் பலர் கண்டார்கள். ஆனால் மறுநாள் காலைக் கூட்டத்தில் அவர் எழும்பி, தன் வள்ளம் வெளிக்கிட்டபோது நான் கதவிடுக்கால் எட்டிப் பார்த்ததாகச் சொன்னார். உண்மைதான், மூச்சு முட்டியதால் பார்த்தேன். இனி என்னை யன்னலில் வைக்கக்கூடாது என்றார். நான் அங்கேதான் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். என்னை ஒருவரும் கேட்கவில்லை. பாவம், வேலையால் நிற்பாட்ட வேண்டாம், ஐஸ் அறையில் விடுவோம் என்று ஒருவர் இரக்கப்பட்டார். அந்த இரக்கம்தான் கூடுதலாகச் சுட்டது.

பேனையை வைத்துவிட்டு எழும்பினேன்.

"தலைவர் அண்ணை, காலமை கரைக்கு வந்தவுடனை உவையள் முழிக்கிறது என்ரை முகத்திலைதான். மீன் நிறுக்கேக்கை ஒருத்தரும் வியளம் பாக்கேல்லை. உங்கடை மனிசி மோசம் போய் அஞ்சு வருசம். நீங்கள் கரையிலை நிண்டு கையாட்டுறியள். உங்களுக்கு ஒளிக்க ஒரு பீப்பா வேண்டாமோ?"

ஒருவரும் சிரிக்கவில்லை.

"பொம்பிளை கதைக்கிற கதையோ உது?" என்றார் சம்மாட்டி. தலைவர் நிலத்தைப் பார்த்தபடி கூட்டத்தை முடித்தார்.

அன்று பின்னேரம் நான் உள்ளே போகவில்லை. யன்னலைத் திறந்துவைத்து, கடைசி வள்ளம் போகும்வரை ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். சிலர் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டு ஏறினார்கள். இரண்டு வள்ளங்கள் போகவே இல்லை.

அடுத்த நாள் காலை வந்த வள்ளங்களில் சூடை மீன் வழமைபோல் இருந்தது. நிறுத்து எழுதினேன். பதினொரு மணிக்குத் தலைவர் இடமாற்றக் கடிதத்தையும் ஐஸ் அறைப் பூட்டின் திறப்பையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.