வெட்டாத வரி

இங்கிலாந்தின் ராக்டேல் ஊரில் எங்கள் மாலைப் பத்திரிகையில் திருத்துநர் பிரெண்டாவைக் கேட்காமல் ஓர் ஆங்கில எழுத்து பெரிதாகாது, சிறிதாகாது. பிபிசி என்று எழுத்தெழுத்தாகச் சொன்னால் எல்லாமே பெரிய எழுத்து. நேட்டோ என்று ஒரே மூச்சில் ஒரு சொல்லாகச் சொன்னால் முதலெழுத்து மட்டும் பெரிது. இதை மாற்றி எழுதிவிட்டு அவளிடம் மாட்டிய நிருபர்கள் பட்ட பாடு இருக்கிறதே, அப்பப்பா!

தொண்ணூற்றொன்றாம் வருஷம் அவள் தம்பி நெவில் செத்துப்போனான். சேதி வந்ததிலிருந்து அவளுக்கு உள்ளே எதுவுமே இல்லை. தேநீர் ஆறியது, குடித்தாள். அவ்வளவுதான்.

அன்று காலை அம்மா தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். "பேப்பர்ல கொஞ்ச நாள் உடம்பு சரியில்லைன்னு போடுடி. அந்த நோய்ப் பேரைப் போட்டா நான் கறிக்கடை வரிசைல எப்படி நிப்பேன்? சொல்லு!"

நெவிலோடு பதினோரு வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்த கிளைவ் எழுதிக் கொடுத்த இரங்கல் குறிப்பு மதியம் மேசைக்கு வந்தது. எய்ட்ஸால் இறந்தான் என்று பச்சையாக எழுதியிருந்தான், அந்தச் சொல்லின் நான்கு ஆங்கில எழுத்தும் பெரிய எழுத்தில்.

"உன் வீட்டு விஷயம் கண்ணு, வேற யார்கிட்டயாவது குடுத்துடறேன்" என்றார் தலைமைத் திருத்துநர் டெரிக்.

"இங்க குடுங்க."

நீலப் பென்சிலை எடுத்தாள். ஒரு கோடு இழுத்தால் அந்த வரி போய்விடும். ஏன் என்று எங்கள் மேசையில் எவனும் கேட்கமாட்டான். பென்சில் அந்தச் சொல்லின் மேல் நின்றது. முதலெழுத்தை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் சிறிதாக்கினாள்.

டெரிக் தாளை வாங்கிப் பார்த்தார். வெட்டப்போகிற வரியை எந்தத் திருத்துநரும் திருத்திக்கொண்டிருக்க மாட்டார். அவர் அதை அப்படியே அச்சுக்கு அனுப்பினார்.

சாயங்காலம் அம்மா மறுபடி கூப்பிட்டாள்.

"பாத்தேன்."

"ம்."

"நீ நெனச்சிருந்தா எடுத்திருக்கலாம்."

"எடுத்திருக்கலாம்மா."

"மத்த பத்திரிகைக்காரன் மாதிரி கொட்டை எழுத்துல போடலை நீ. மத்த சாவு மாதிரியே போட்டிருக்கே." அம்மாவின் குரல் உடைந்தது. "நாளைக்குக் கறிக்கடைக்கு நீயும் வாடி. தனியா நிக்க முடியாது."

"வரேன்மா" என்றாள் பிரெண்டா. அப்போதும் அவளுக்கு அழுகை வரவில்லை.